ஆயிரத்து இருநூறு அடி

கடலை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்,
திருச்செந்தூரில், மொட்டையடித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு,
முழங்கால் நனையும் வரைக்கும்.
கணபதியில், எங்கள் ஷெட்டுக்குள்,
கடலின் பலத்தை நாற்பத்தைந்து பாருக்கு ஏற்றி
வெண்கல வால்வின் மூஞ்சியில் முட்ட விடுவது என் வேலை.
முப்பது நிமிஷம். சுவர்க் கடிகாரம். டிஷ்யூ பேப்பர்.

வரைபடத்தில் கப்பலுக்குப் பேர் இல்லை,
ஒன்பது இலக்கத்தில் ஒரு பகுதி எண்.
பார்வையிட வந்த மொஹந்தி சார்தான்
டீ ஆறும் வரை சொன்னார், பாதி இந்தி, மீதி கை:

மூழ்குவது பெரிய காரியமில்லை.
மேல்மூடியைத் திறந்தால் தொட்டிக் காற்று ஓடிப்போகும்,
அடி ஓட்டை வழியே கடல் ஏறிக்கொள்ளும்.
நிற்பதுதான் பாடு.
ஏறாமல், இறங்காமல்,
விலக்கிய தண்ணீரின் எடைக்கு எடையாக.
எரிந்த டீசலின் இடத்துக்குக் கடல் வரும், அது டீசலைவிடக் கனம்.
ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தீர்ந்தாலும் கணக்கில் ஏறும்.
பத்துப் பேர் பின்பக்கம் சாப்பிடப் போனால் மூக்குத் தூக்கும்,
பின்தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும்.
ஆற்று முகத்துவாரத்தில் உப்புக் குறைந்தால்
யாரும் ஏறாமலே கப்பல் கனத்துவிடும்.

"மேல வரோணும்னா?"
அழுத்தி வைத்த காற்றைத் தொட்டிக்குள் விடு,
தண்ணி வெளியே போய்விடும்.
"அட, எங்கூருக் கம்ப்ரசரு!" என்றேன்.
அவருக்குப் பிடிபடவில்லை. லேத்திலிருந்து சென்னியப்பன் சிரித்தான்.
அன்னூர்ப் பக்கம் போருக்குள் காற்றை இறக்கித்தான்
பூமியை வாந்தியெடுக்க வைக்கிறோம்.

எவ்வளவு ஆழம் போகும் என்றதற்கு
முந்நூறு மீட்டர் என்று வைத்துக்கொள் என்றார், வேறு பக்கம் பார்த்து.
அடியாக்கிப் பார்த்தேன்.
ஆயிரம்கூட முழுசாக இல்லை.
எங்கள் தோட்டத்துப் போர் ஆயிரத்து இருநூறு.

இன்னொன்றும் சொன்னார்.
இறங்க இறங்க இரும்பு உடம்பு ஒரு பொட்டுச் சுருங்கும்.
சுருங்கினால் விலக்கும் தண்ணீர் குறையும்,
குறைந்தால் கனக்கும்,
கனத்தால் இறங்கும்,
இறங்கினால் இன்னும்

எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது.
அறுநூறில் வெறும் புழுதி.
எண்ணூறில் கையில் பிடித்தால் ஒட்டுகிற ஈரம்.
"பாறை மாறுதுங்க, இன்னொரு நூறு போட்டுப் பாக்கலாம்."
தொள்ளாயிரம்.
ஆழம் கூடினால் அடிக்கு ரேட்டும் கூடும்.
"இவ்வளவு போயாச்சு, இனி விட்டா எப்படி?"
இது ஆறுக்குட்டி, என் வீட்டுக்காரர்.
ஆயிரத்து நூறில் என் கொடியை அவர் பார்க்கவில்லை,
பார்க்காமல் இருந்த விதம் எனக்குத் தெரிந்தது.
இருநூறில் ஒரு விரல் கனத் தண்ணி வந்தது.
அடுத்த ராடை மாட்டப் போனார்கள்.
போதுங்க என்றேன்.
நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

வால்வு கசிந்தால் கப்பல் முங்கிவிடுமா?
முங்காது. கசிந்ததை வெளியே இறைக்க வேண்டும்.
இறைத்தால் பம்பு ஓடும், பம்பு ஓடினால் சத்தம்,
சத்தம் தண்ணிக்குள் ரொம்ப தூரம் நடக்கும்.
ஒளிந்திருப்பவனுக்கு அதுதான் சாவு.
டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

இன்றைக்கு மூன்றாவது உருப்படி.
இருபத்தொன்பதாவது நிமிஷத்தில்
பேப்பரில் கடுகளவு ஈரம்.
வேன் வாசலில் நிற்கிறது, சூப்பர்வைசர் என் கையையே பார்க்கிறார்.
வேர்வையா இருக்கும் என்றார்.
இருக்கலாம். கையைத் துடைத்துவிட்டு
முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மறுபடி ஏற்றினேன்.
மறுபடியும் கடுகு.
கழற்றி, பேஸ்ட் தடவி, தேய்க்க அனுப்பினேன்.
வேன் காலியாகப் போனது.

காலையில் ஐந்தரைக்கு த்ரீ பேஸ் வரும்.
ஆறுக்குட்டி சுவிட்சைப் போடுவார்.
காற்று இறங்கும், குழாய் இருமும்,
செஞ்சேறு துப்பும், பிறகு பதினொரு நிமிஷம் தண்ணி.
அந்தச் சத்தம் நாலு காட்டுக்குக் கேட்கும்.
கேட்கட்டும்.
எங்கள் ஆழம் ஊருக்கே தெரியும், சொசைட்டிக்கும்.