நோகா முனை

எங்கள் கணபதிப் பட்டறையில்
துளை பார்க்கும் கேஜுக்கு இரண்டு முனை.
ஒன்று உள்ளே போக வேண்டும். இன்னொன்று போகக் கூடாது.
போகாததற்கு நோ-கோ என்று பெயர்.
லேத்தில் நிற்கும் சிவகாமி அதை நோகா என்பாள்.
நான் திருத்தவில்லை.
ஒருமுறை பில்லிலேயே அப்படி எழுதிவிட்டேன்.

போன மாசம் நோகா உள்ளே போனது.

திருச்செங்கோட்டிலிருந்து திரும்பி வந்த குழல்.
நூற்று முப்பத்தைந்து டிகிரி சாய்வு,
இரண்டரை மில்லி கம்பி நுழைய ஒரு துளை.
எத்தனை இடுப்பைப் பார்த்ததோ,
வாய் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது.
"உங்க குழல்ல கம்பி ஆடுதுங்க"
டாக்டர் வஞ்சிக்கொடி போனில் சொன்னது அவ்வளவுதான்.
மூன்று ராத்திரி தூக்கம் போயிற்று.
புதுசைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது
"நின்னு பாத்துட்டுப் போங்க" என்றார்.

ஈயக் கவசம் தோளை இழுக்க
சுவரோரம் நிற்கிறேன்.
மேசையில் அர்த்தநாரி.
இருபத்தாறு வருஷம் ரிக் வண்டி, ஐந்து மாநிலத்துப் பாறை;
எதிலும் விழாதவர்
வீட்டு வாசலில் வண்டி கழுவும்போது வழுக்கினார்.
தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது.
இடுப்புக்குக் கீழே மரத்திருக்கிறது,
மேலே பேச்சு ஓயவில்லை.
டிரில் சத்தம் எழும்பியதும்
பச்சைத் துணிக்கு அந்தப்பக்கமிருந்து,

"எத்தன அடிங்க ஆச்சு?"

யாரோ சிரித்தார்கள்.

"கேசிங் நேரா எறக்குனீங்களா?
அது சாஞ்சுதுன்னா போர் எங்கியோ போயிரும்.
அப்பறம் மோட்டார் எறங்காதுங்க."

கேசிங் நான் செய்தது.
வாய் திறக்கவில்லை.

திரையில் எலும்பு சாம்பல் மூட்டம்,
கம்பி ஒரு கறுப்புக் கோடு.
முன்னிருந்து பார்த்தால் நட்ட நடு.
சி-ஆர்ம் சுற்றியது.
பக்கத்திலிருந்து பார்த்தால்
ஒரு நெல்லளவு மேலே.

டாக்டர் கம்பியை உருவினார்.
அப்போது நான் அர்த்தநாரியை நினைக்கவில்லை,
சொல்ல வெட்கம்தான்.
நினைத்ததெல்லாம் வைஸின் தாடையில்
ஒட்டியிருந்திருக்கக்கூடிய ஒரு இரும்புச் சுருள்;
அன்று மத்தியானம் பாதி வெட்டில் போன கரண்ட்;
அஞ்சு மணி லோடுக்கு நான் போட்ட சத்தம்.

"என் கைதான். குழல் இல்ல" என்றார் டாக்டர்
திரும்பாமலே.
அதை முழுசாய் நம்பலாமா என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டாம் முறை
இந்தப்பக்கமும் நடு, அந்தப்பக்கமும் நடு.
மூட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் நின்றது.
பிறகு வேலை மளமளவென்று.
கம்பியின் மேலேயே பெரிய துளை,
கம்பியின் மேலேயே திருகு,
கடைசியில் கம்பி வெளியே.
நாளைய எக்ஸ்ரேயில் திருகு இருக்கும், தகடு இருக்கும்.

"தண்ணி வந்துச்சுங்களா?"
"ரத்தந்தான் வந்துச்சு" என்றாள் நர்ஸ்.
"செரி, ஈரம் பட்டிருச்சு" என்று
கண்ணை மூடிக்கொண்டார் அர்த்தநாரி.

அந்தக் கம்பியைக் கேட்டேன்,
உரசல் எங்கே என்று பார்க்க.
தர முடியாதென்றார்கள். திறக்கவே முடியாத
வெள்ளைப் பெட்டிக்குள் போட்டார்கள்.
ணங் என்றது.

சங்ககிரி தாண்டி, பவானி தாண்டி
பட்டறைக்கு வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அதே லாட்டில் மிச்சம் பதினொரு குழல்.
சிவகாமி ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
கோ போனது.
நோகா வாசலிலேயே நின்றது.
"நிக்குதுங்" என்றாள்.

இன்னொரு தடவை பாரு என்றேன்.