கட்டத்துக்குள் வைக்காதே

லாட்ஜின் பழைய பதிவேட்டுப் பின்பக்கத்தில்
ஸ்கேல் வைத்து அவளே கோடு போட்டாள்,
பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.
எனக்குப் புளியங்கொட்டை.
அவளுக்கு, எதிர்க்கடை டெய்லர் தந்த
வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள்.

ஆட்டத்தின் பேர் கோ என்றாள்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் பாஷையில் அது ராஜா.
என் பேரிலேயே ஒருத்தன் இருக்கிறான், எத்திராஜ்.
இதில் எங்கே அவன் என்று கேட்டேன்.
கையை விரித்தாள்.
ராணி? மந்திரி? யானையாவது?
எல்லாம் கொட்டைதான்.
இன்னா ஆட்டம் இது.

மாவட்டத்தில் இரண்டு முறை முதலிடம் நான்.
காட்பாடியில் ஒரு எஞ்சினியரைப்
பதினேழாவது நகர்த்தலில் அழவைத்தவன்.
முதல் கொட்டையைக்
கட்டத்தின் நடுவில் வைத்தேன்.
ஒரு விரலால் அதைக்
கோடும் கோடும் வெட்டும் இடத்துக்குத் தள்ளினாள்.
மறுபடியும் கட்டத்துக்குள்.
மறுபடியும் விரல்.

ஐஸ்வாலிலிருந்து வந்து நாற்பத்தோரு நாள்.
ஜோதான்புயி என்று பதிய
மூன்று தடவை அடித்து எழுதினேன்.
புருஷனுக்கு மஜ்ஜை மாற்றிக்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.
அவள் இங்கிலீஷ் பாதி, என்னுடையது கால்.
மிச்சத்தைக் காகிதம் பார்த்துக்கொண்டது.

வைத்த கல் நகராது.
குதிரையைத் தாண்டவிட்டே பழகிய கை
அந்தரத்தில் நின்றது வெகுநேரம்.
ஒவ்வொரு கல்லுக்கும் நாலு பக்கம் மூச்சு என்று
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.
ஓரத்தில் மூன்று. மூலையில் இரண்டு.
கடைசி மூச்சும் அடைபட்டால்
எடுத்துவிட வேண்டும்.
இதைச் சொன்னபோது
வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் துரத்தினேன்.
துரத்தத்தான் எனக்குத் தெரியும்.
ஆறு பொத்தானைப் பிடித்து
மேசைமேல் வரிசை வைத்து நிமிர்ந்தால்
மூன்று மூலை அவளுடையது.
சண்டையே போடாமல்
எப்போது குடிவந்தாள்?

பிழைப்பது எப்படி என்றேன்.
பொத்தான்களைக் கூட்டமாக அடுக்கி
உள்ளே தள்ளித் தள்ளி
இரண்டு புள்ளியைக் காலியாக விட்டாள்.
கண், என்றாள். இரண்டு.
சுற்றிலும் என் கொட்டைகளைத்
தானே நிரப்பிக் காட்டினாள்.
ஒன்றும் ஆகவில்லை.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து
அகழியோரம் சைக்கிளில் போனேன்.
எங்கள் ஊரைக் கேலிசெய்ய ஒரு பேச்சு உண்டு,
தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
காலை ஊன்றி நின்று
கோட்டையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன்.
எல்லாப் பக்கமும் தண்ணீர்.
ஒரு மூச்சுக்கும் வழியில்லை.
ஆட்டப்படி எப்போதோ எடுத்திருக்க வேண்டும்.
அப்படியானால் உள்ளே
எங்கேயோ இரண்டு இடம் காலியாகக் கிடக்கிறது.

வியாழன் ராத்திரி
இருநூற்று நாலின் சாவி
ஆணியில் தொங்கியது.
வார்டு மாற்றமா, ஊருக்கே போய்விட்டார்களா,
இருவராகவா, ஒருத்தியாகவா,
பகல் ஷிப்ட் சம்பத்துக்குத் தெரியவில்லை.
பணம் கட்டிட்டாங்க, அவ்ளோதான் என்றான்.
பதிவேட்டைத் திறந்தேன்.
காலி செய்த தேதிக்கு நேரே
அவள் கையெழுத்து,
கட்டத்துக்குள் இல்லை,
கோட்டின் மேல்.