எட்டா ஒன்பதா

டவுன்ஸ்வில் படகுத்துறைச் சுவரோரம்
பிவிசி குழாய்க்குள் மத்தித் தலை ஒன்றை வைத்து
மாலையில் இறக்கினோம், விடியலில் தூக்கினோம்.
தலையில் எலும்புதான் மிச்சம்.
சல்லடையில் நாற்பத்திரண்டு கடுகுகள்
குதித்துக்கொண்டிருந்தன.
மெரின் அவற்றை எரிசாராயத்தில் விட்டாள்.

எனக்கு ஒன்று போதும்.

இரண்டு ஓடு, முதுகில் ஒரு கீல்.
மட்டி என்றுதான் யாரும் சொல்வார்கள்.
மட்டிக்குக் கால் ஏது?
இது இறாலுக்குத் தூரத்துப் பங்காளி,
கதவைச் சாத்திக்கொண்டு
ஏழு ஜோடி உறுப்புகளோடு உள்ளே குடியிருப்பது.

இனங்காணும் ஏடு கேள்வியாகவே பேசும்.
இதயம் உண்டா?
உண்டென்றால் இரண்டுக்குப் போ.
(இல்லாதவையும் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கின்றன,
அது வேறு ஏடு.)
அலகுக்குக் கீழே வெட்டு உண்டா?
உண்டு, துடுப்புக் கொம்புகள் வெளியே வரும் வாசல்.
ஐந்துக்குப் போ.
பக்கக் கண் சிறியதா? அப்படியானால் பெண்.
போ, போ என்று விரட்டி
பதினொன்றில் நிறுத்தியது:
வால்கவையில் நகங்கள் எத்தனை?
எட்டென்றால் ஒரு பேரினம்,
ஒன்பதென்றால் இன்னொன்று.

கிளிசரின் துளியில் டங்ஸ்டன் ஊசியால்
கவையைப் பிரித்தேன்.
வலப்பக்கம் எட்டு.
இடப்பக்கம் ஒன்பது.
மெரினை எண்ணச் சொன்னேன்.
அவள் எட்டு என்றாள்,
கொஞ்சம் பொறுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

'இரண்டும்' என்று ஏட்டில் வரி இல்லை.
ஒரே ஓட்டுக்குள் இரு பேரினமாய்
இது மீன்தலை தின்றிருக்கிறது,
யாரையும் கேட்காமல்.

ஏழாம் காலைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான்.
நடக்கவும் உதவாத, நீந்தவும் உதவாத கால்.
புழுபோல வளையம் வளையமாக,
நுனியில் சீப்பு,
முடிதோறும் கண்ணுக்கெட்டாத சலங்கைகள்.
ஓட்டுக்குள்ளேயே முதுகுப்புறம் வளைந்து
அழுக்கைத் துடைக்கும், முட்டையைத் துடைக்கும்.

முட்டைகள் இருந்தன. ஏழு.
சாராயத்தில் வெளுத்த ஒன்றில்
கறுப்பாய் இரண்டு புள்ளி.
ஊசியைக் கீழே வைத்தேன்.

சீட்டில் பேரினத்துக்கு நேரே கேள்விக்குறி.
அடியில்: வலம் எட்டு, இடம் ஒன்பது.
முட்டைகளை எழுத இடம் விடப்படவில்லை,
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

ஆறு மணி நேரம் குனிந்திருந்த முதுகில்
தோள்பட்டைகளுக்கு நடுவே
கை எட்டாத ஓரிடம் அரித்தது.
அளவுகோலால் சொறிந்துகொண்டேன்.
மீதி நாற்பத்தொன்றையும் திறந்தாக வேண்டும்
என்கிறாள் மெரின்.