கழிவு

நாலே முக்காலுக்கு
டன்பார் மைதானத்தில் பனிமூட்டம் இருக்கும்.
அதனால்தான் நாலே முக்கால்.
எதிரே வருகிறவருக்கு நான்
ஒரு காலடிச் சத்தம் மட்டும்.
சத்தத்துக்கு இடுப்பு கிடையாது.

தம்பியின் மழைக்கோட், கழுத்துவரை ஜிப்.
வெளியே குளிர், உள்ளே வேர்வை,
நடுவில் வேகிறேன்.
முதல் சுற்றில் முழங்கால் பேசும்.
மூன்றாவதில் தொடைகள்
ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும்.
ஐந்தாவதில் ஒருவரும் பேச மாட்டார்கள்.

விடியும்முன் கேட்டைத் தாண்டிவிட வேண்டும்.
ஒரு நாள் பிந்திப்போனது.
"ரோலர் போகுதுடா, கிரவுண்ட் சமமாகிரும்"
என்றான் ஆட்டோவில் சாய்ந்திருந்தவன்.
நானும் சிரித்தேன்.
அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன்,
அந்தச் சிரிப்பை இன்னும் இல்லை.

வாடகை அறைக் கண்ணாடி
என் கழுத்தோடு முடிகிறது.
பெரிதாக ஒன்று மாட்டித் தரவா என்றார்
வீட்டுக்கார அம்மா.
வேண்டாம், சுவர் ஈரம் என்றேன்.
பார்க்காமலே புடவை மடிக்க
விரல்களுக்குப் பழகிவிட்டது.
லீசிங் கம்பனிக் கவுண்டருக்கு மேலே
மார்புவரைதான் நான் வேலை செய்கிறேன்.
லட்சணமான முகம் என்பார்கள்.
முகம் மட்டும் என்று அதற்கு அர்த்தம்.

அம்மா கொழுந்து எடுத்தவள்.
அந்தி நிறுவையில்
தராசு முள்ளை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாள்.
"தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு கழிவு"
என்று கணக்கப்பிள்ளை எழுதும்போது
மலை கேட்கக் கத்துவாள்:
"எங்க கிலோவ ஏன்யா திங்கிற?"
பதினெட்டு வராவிட்டால் அரைப்பேர்.
கால் வலித்தாலும், மழை அடித்தாலும்,
வயிற்றில் நான் இருந்தாலும் அரைப்பேர்.

பதினெட்டுக் குறைக்க வேண்டும்
என்றார் கிளினிக்கில் மிஸ்.
அதே பதினெட்டு.
அம்மாவின் முதுகிலிருந்து இறங்கிய சாக்கு
வழி கேட்டு வந்து
என் மேல் ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது.

"மெலிஞ்சு போயிட்டியாம்,
செல்லாயி மக பாத்துட்டு வந்து சொல்லிச்சு.
ரொட்டி சுடக்கூட நேரமில்லையா ஒனக்கு?"
போனில் அம்மா அழுதாள்.
மெலியவில்லை, அரைக் கிலோகூட.
ஆனாலும் அந்தப் பொய்யைப் போர்த்திக்கொண்டு
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பஸ் ஸ்டாண்டில், கிழிந்த குடைக்குக் கீழே,
நிறை பார்க்க முப்பது ரூபா.
எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லுகிற
செபமாலை அண்ணன்
எனக்கு மட்டும் துண்டில் எழுதித் தருவார்.
அந்த இரக்கம்
ஆட்டோக்காரன் சொன்னதைவிடக் குத்தும்.

நாற்பத்தோராம் நாள். மழை.
கோட்டோடு ஏறினேன்.
முள் ஆடி, யோசித்து, நின்றது.
பேனையைப் பிடித்தபடி நிமிர்ந்தார்:
"கோட் நனைஞ்சிருக்கே மிஸ்,
தண்ணிக்கு ரெண்டு கழிச்சிருவமா?"

எங்கிருந்து வந்ததோ தெரியாது.
என் குரலே இல்லை அது.
"கழிக்காதீங்க!
உள்ளத உள்ளபடி எழுதுங்க."
புளியாவத்தை பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர்
திரும்பிப் பார்த்தார்கள்.
"எழுத வேணாம். சொல்லுங்க."

"எண்பத்தாறரை" என்றார், மெதுவாக.
"சத்தமா."
"எண்பத்தாறரை!"

ஒன்றும் இடியவில்லை.
ஒரு பெண் பாண் பையை
மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.
பஸ் வந்தது, ஏறிப் போனார்கள்.
முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு
கைநடுக்கம் அடங்கும்வரை
பழக்கடைக்காரனிடம் தோடம்பழம் விலை கேட்டேன்.

மறுநாளும் நாலே முக்கால்தான்.
பனி இருக்கிறதா என்று
முதலில் ஜன்னலைத்தான் பார்த்தேன்.
ஐந்தாம் சுற்றில்,
யாரும் இல்லாத வளைவில்,
ஜிப்பை ஒரு சாண் இறக்கினேன்.
காற்று நேரே நெஞ்சுக்குள் வந்தது.
பாதிச் சுற்று அப்படியே நடந்தேன்.
பிறகு குளிர் தாங்கவில்லை,
ஏற்றிக்கொண்டேன்.