இடுப்பு இருபத்தெட்டு, பாட்டம் இருபத்தாறு

அந்த ஐந்து பேரையும் எனக்கு
முதலில் அங்குலத்தில்தான் தெரியும்.
லூசியான்: இடுப்பு இருபத்தெட்டு, பாட்டம் இருபத்தாறு.
சவரிராயன்: இடது தோள் ஒரு நூல் இறக்கம்,
சைடு டிரம் தொங்கித் தொங்கி.
டிராம்போன் தணிகாசலத்தைக்
கையை நீட்டச் சொல்லித்தான் அளக்க வேண்டும்,
மடக்கினால் சட்டை பொய் சொல்லும்.
டிரம்பெட் அமலோர், நெஞ்சு முப்பத்தாறு,
மூச்சை இழுத்தால் நாற்பது.
எத்துவார் அளவெடுக்கும்போதும்
பேஸ் கிட்டாரைக் கழற்ற மாட்டான்.
வாரை விட்டு அளந்தேன்.

இவர்களில் மூவர் போலீஸ் பேண்டு.
பகலில் சிவப்புக் கெப்பி, பித்தளைப் பொத்தான்.
ராத்திரிக்கு நான் தைத்தது ஊதா சாட்டின்,
ரங்கப்பிள்ளை வீதியில் யாரோ கல்யாண மெத்தைக்கு எடுத்து
வேண்டாமென்று திருப்பிய துணி.

பாட்டெல்லாம் எத்துவாரின் சித்தப்பா,
தூலோன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர்,
பெட்டியின் அடியில் கொண்டுவந்தது.
ஏழே ஏழு தட்டு.
நாற்பத்தைந்தில் ஓட வேண்டியதை
முப்பத்துமூன்றில் ஓடவிட்டு
குழறுகிற குரலுக்குக் கீழே
பேஸ் எங்கே காலை ஊன்றுகிறது என்று
தரையில் காது வைத்துப் பிடித்தார்கள்.
லூசியானுக்கு பிரெஞ்சு தெரியும், தமிழ் தெரியும்,
இங்கிலீஷ் தெரியாது.
‘பேபி’ ஒன்றைத் தவிர
மிச்சமெல்லாம் அவனே செய்த பாஷை.
யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

எழுபத்தாறு, ஜூலை பதினாலு.
துய்மா வீதியில் ஒரு பழைய கிடங்கு.
உப்புக்காற்று குடித்த ஆம்ப்ளிஃபயர்
முதலில் இருமியது, பிறகு
எத்துவார் தடித்த கம்பியை ஒரே ஒரு தட்டு.
என் மடியில் குண்டூசி டப்பா
தானாகப் பேச ஆரம்பித்தது.
நூறு ஊசியும் நடுங்கி
ஒரு மூலைக்கு ஒதுங்கின.
சத்தம் காதுக்கு வருவதற்கு முன்
விலா எலும்புக்கு வரும் என்று
அன்றைக்கு வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சவரிராயன் முதல் அடியை மட்டும் ஆணியாக அடித்தான்,
மற்ற மூன்றையும் தூவினான்.
அமலோரும் தணிகாசலமும்
வெட்டு, வெட்டு, என் கத்தரிக்கோல் மாதிரி.
வேட்டிக்காரர்கள், கவுன்காரிகள், சைக்கிள் ஸ்டாண்டுப் பையன்,
எல்லோருக்கும் இடுப்பு என்று ஒன்று இருந்தது.

மூன்றாம் பாட்டில் லூசியான் முட்டி போட்டான்.
கிழிந்தது எனக்கு மட்டும் கேட்டது.
மைக் கம்பியோடு பின்னாலேயே நகர்ந்து வந்து
ஆம்ப்ளிஃபயர் மறைவில் எனக்கு முதுகு காட்டி நின்றான்,
பாட்டை நிறுத்தவில்லை.
நான் உட்கார்ந்தபடியே தைத்தேன்.
முதல் அடிக்குக் குத்து, மூன்று அடிக்கு இழு,
வேறு மாதிரி தைக்க முடியவில்லை.
ஒரே ஒரு குத்து தப்பியது.
அப்போது அவன் போட்ட கூவல் இருக்கிறதே,
அதற்குத்தான் அன்றைக்கு அதிகமான கைதட்டல்.
பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் கேட்டார்கள்,
அவனுக்கு வரவே இல்லை.

வாசலருகே
போலீஸ் சூப்பரிண்டெண்டும் மனைவியும் நின்றதை
கடைசிப் பாட்டில்தான் பார்த்தோம்.
மூன்று ஊதாக் கான்ஸ்டபிள்களையும் அவர் பார்த்தார்.
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.
போய்விட்டார்.

ஆகஸ்ட் பதினைந்து, கடற்கரைச் சாலை.
கெப்பி, வெள்ளைக் கையுறை, கொடி.
சவரிராயன் பார்வை நேர்க்கோடு,
முகத்தில் குற்றம் ஏதும் இல்லை.
ஆனால் நாலாம் அடிக்கும் முதல் அடிக்கும் நடுவில்
ஒரு துளி தாமதம்,
யாரோ தோளைக் குலுக்கியது போல.
அணிவகுப்பின் இரண்டாம் வரிசை
அந்தத் துளியில் தடுக்கிச்
சமாளித்துக்கொண்டது.
சூப்பரிண்டெண்ட் சல்யூட்டில் கல்லாக நின்றார்.
பந்தலில் அவர் மனைவியின் வலது செருப்பு
மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் கடைக்கு வந்தார்,
ஜாக்கெட் அளவு கொடுக்க.
வீதியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
‘அந்த ஊதாத் துணி
மிச்சம் இருக்கா?’

ஒன்றரை மீட்டர் இருந்தது.