இரண்டு பதினேழு

பதிவேடு சொல்கிறது:
செவ்வாய் பின்னிரவு இரண்டு பதினேழுக்கு
பெள்ளி உள்ளே வந்தார்.
இலைக் கணக்கைத் திறந்தார்.
நாற்பத்தொரு பேருக்கு எடை குறைத்தார்,
ஆளுக்கு மூன்று கிலோ, நாலு கிலோ,
யாரும் சண்டைக்கு வராத அளவு.

அந்த நேரம் பெள்ளி
கேத்தியில், மாமனின் பிணத்தருகே
கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்.
ஊரே பார்த்திருக்கிறது.
மேலாளர் ஊரை விசாரிக்கவில்லை.
தாளைக் காட்டுகிறார்: இதோ பேர், இதோ மணி.

கோத்தகிரித் தொழிற்சாலையில்
வாடல் தொட்டியின் விசிறிகள் இரவெல்லாம் ஓடுகின்றன.
ஈர இலை வாசம் என் விசைப்பலகை வரை.

கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை.
அது கம்பியில் போவதே இல்லை.
சர்வர் ஓர் எண்ணை வீசும்,
சொல்லை வைத்து அந்த எண்ணைக் கடைந்து
விடையைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் அடையாளம்.

பெள்ளி அணைக்காமல் போன கணினி
அச்சு இயந்திரம் எங்கே, எங்கே என்று
இருட்டில் கூவிக்கொண்டிருந்தது.
நான்தான், என்றான் ஒருவன்.
சர்வர் கேட்டதை அதனிடம் கேட்டான்,
அது சொன்னதைச் சர்வரிடம் சொன்னான்.
ஓர் எழுத்தும் அவனுக்குப் புரிந்திருக்கத் தேவையில்லை.
சரியான விடை. வேறு வாய்.

தடுக்க ஒரு கட்டம் இருக்கிறது:
ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் கட்டாயம்.
மூன்று வருடமாக டிக் அடிக்காதவள் நான்.
அடித்தால் எடைமேடையின் கிழட்டுக் கணினி ஊமையாகிவிடும்,
அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.
அதன் மென்பொருளை எழுதிய மேட்டுப்பாளையத்துக்காரர்
இப்போது கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.
சீசன் முடியட்டும் என்றார் மேலாளர்.
சீசன் முடிந்து சீசன் வந்தது.
நானும் கேட்பதை விட்டேன்.

வெளியே வேலியை உரசி நிற்கிறது ஒரு காட்டெருமை.
யாரது, என்று டார்ச் அடிக்கிறார் காவலர்.
பதில் சொல்லாமல் தேயிலைக்குள் இறங்குகிறது.
அவருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

நாலு நாற்பதுக்கு டிக் அடித்தேன்.
எடைமேடையின் பச்சை விளக்கு
இரண்டு முறை சிமிட்டி நின்றது.

ஏழரைக்கு முதல் வேன் வரும்.
மாதியக்கா மூட்டையை ஏற்றிவிட்டு
திரையைப் பார்ப்பாள், பிறகு என்னை.
இன்றைக்குப் பேனாதான், சத்தமாகப் படித்து.

அதற்குள் அறிக்கை.
'யாரால்' என்ற இடத்தில் பெள்ளியின் பெயர்
ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது.
அழித்தேன்.
நெடுநேரம் கர்சர் மட்டும் துடித்தது.
தெரியவில்லை, என்று எழுதினேன்.
அதன் கீழே: கதவைத் திறந்து வைத்தவள்
ஜெசிந்தா, கணினிப் பிரிவு.

அச்சுக்குக் கொடுத்தேன்.
அச்சு இயந்திரம் எங்கே, எங்கே என்று
கூவத் தொடங்கியது என் கணினி.