முடிந்தவர்கள் வந்தார்கள்

சஸ்கட்டூனிலிருந்து மின்னஞ்சல்.
மெரெடித் கோவல்ச்சுக், முனைவர் பட்ட மாணவி.
பதினான்கு வருடத்துக்கு முந்தைய எங்கள் பரிசோதனையை
அப்படியே திருப்பிச் செய்யப் போகிறாளாம்.
நூலின் நீளம் கேட்கிறாள்.
நிறம் கேட்கிறாள்.
பருத்தியா, நைலோனா?

நாற்பது சென்ரிமீற்றர். சிவப்பு. பருத்தி.
வினிபெக்கில், போர்ட்டேஜ் அவென்யூ தையல் கடையில்
நாலு டொலருக்கு நான்தான் வாங்கினேன்.

பாதிப்பேர் அதில் ஒரு முடிச்சுப் போட்டார்கள்.
பாதிப்பேர் சும்மா கையில் வைத்திருந்தார்கள்.
பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வி:
அடுத்த கிழமை இதே நேரம் வருவீர்களா?
வருவோம் என்றார்கள், எல்லோரும்.

முடிந்தவர்கள் வந்தார்கள்.
முடியாதவர்கள் வரவில்லை.

தமிழில் சொன்னால்
இதற்கு ஓர் ஆய்வே தேவையில்லை.
ஆங்கிலத்தில் அது கண்டுபிடிப்பு.
விமானத்தில் புரட்டும் சஞ்சிகைகூட எழுதியது.
ஒரு வங்கி, கடன் பத்திரத்தோடு
சிவப்பு நூல் கொடுத்துப் பார்த்ததாம்.
பேராசிரியர் ஹால்டர்சன்
எனக்கொரு பேனா வாங்கித் தந்தார். நல்ல பேனா.

மெரெடித், நீ கேட்காத ஒன்று:

எங்களுக்கு அறை கிடைத்தது
செவ்வாயும் வியாழனும் மட்டும்.
செவ்வாய் முடிச்சு, வியாழன் வெறும் நூல்.
குழப்பம் வராது என்று
யோசனை சொன்னவள் நான்.
'எழுந்தமானமாகப் பிரிக்கப்பட்டனர்' என்று
கட்டுரையில் தட்டியதும் நான்தான்,
அவர் சொல்லச் சொல்ல,
அவர் கோப்பி குடிக்கக் குடிக்க.

இரண்டாவது செவ்வாய் வெயில் அடித்தது,
மாசியில் அடிக்கிற, சூடில்லாத வெயில்.
முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர்.

இரண்டாவது வியாழன்
விடிய நாலு மணிக்கே பனிப்புயல்.
பஸ்கள் நின்றுவிட்டன.
பள்ளிக்கூடங்கள் பூட்டு.
நான் முதல்நாள் இரவே ஆய்வுகூடத்துக் கதிரையில்
கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்ததால் அங்கே இருந்தேன்.
முப்பது பேரில் பதினொரு பேர்.
அவர்களும் பக்கத்து விடுதிப் பிள்ளைகள்.

கட்டுரையில் எல்லாம் இருக்கிறது:
வயது, பால், வலக்கையா இடக்கையா,
அறையின் வெப்பநிலை இருபத்தொரு பாகை.
வெளியே எத்தனை பாகை என்று
யாரும் எழுதவில்லை.
ஜன்னல் இல்லாத அறை அது.

இன்னும் ஒன்று.
நாற்பத்தேழாம் இலக்கம்.
செயின்ட் பொனிஃபாஸிலிருந்து
உறைந்த ஆற்றைக் கடந்து நடந்தே வந்தவன்.
முடிச்சுப் போடாதவன்.
நாற்பது நிமிடம் பிந்திவிட்டது.
அரைமணிக்கு மேல் பிந்தினால் வராததாகவே கொள்வோம்
என்றொரு விதி
அடுத்த திங்கட்கிழமைதான் பிறந்தது.
அவனைச் சேர்த்தும் கணக்குப் பார்த்தோம்,
விட்டும் பார்த்தோம்.
சேர்த்தால் முடிவு கொஞ்சம் மங்குகிறது
என்றார் ஹால்டர்சன். கோபமாக இல்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
சாப்பாட்டில் உப்புக் குறைவு என்பது போல.

ஒன்றை அழித்துப் பூச்சியம் போட்டேன்.
எந்தப் பேனாவால் என்று கேட்காதே,
அப்போது பேனா இன்னும் கிடைக்கவில்லை.

ஹால்டர்சன் இப்போது கிம்லியில்,
ஏரிக்கரை வீட்டில் இருக்கிறார்.
அவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாமா என்று
இரண்டு நாள் யோசித்தேன்.
பெயரைப் போட்டேன், எடுத்தேன்,
கடைசியில் போட்டேன்.

பழைய தாளைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன்.
நாற்பத்தேழாம் வரியில் அழித்த தடம்
பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.
நீ செய்யும்போது நாணயம் சுண்டிப் பிரி.
பிந்துகிறவர்களை என்ன செய்வதென்று
ஒருவரும் வருமுன்பே எழுதி வை.
நூல் எந்த நிறமானாலும் பரவாயில்லை.

அவனுடைய பெயர் எனக்குத் தெரியாது.
தெரியக்கூடாது, அதுவும் விதி.
தாடியெல்லாம் பனிக்கட்டி.
சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு,
விறைத்த விரலால் சட்டைப் பையைத் துழாவி
அந்த நூலை எடுத்து மேசையில் வைத்தான்.
பிந்திவிட்டேனா என்று கேட்டான்.

இல்லை என்றேன்.